சரிவில் என் கை

அந்தச் சக்கர நாற்காலியைப் பின்னால் நின்று தள்ளியது நான்தான். அது தானாகவே ஏறியது என்று சொன்னதும் நான்தான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்கு என் முகம் தெரியாது. முகம் தெரிந்த ஒருவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை... அதனால்தான்.

பாரிசின் லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிறுத்துக் கொடுப்பேன். அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிரெஞ்சு, கடையில் பொறுக்கிச் சேர்த்தது. இருப்பது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில். அதன் பெயர் வேண்டாம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பரமேஸ் அக்கா தனியாக இருக்கிறார். சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் யாருடைய துணையும் இல்லாமல் பஸ் எடுத்து, ரயில் எடுத்து, ரூ பஜோல் கோயில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு என் கடை வாசலில் நாற்காலியை நிறுத்துவார். வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். "முத்தலை எனக்குத் தள்ளிவிடலாமெண்டு பாக்கிறாய், என்ன?" என்று சிரிப்பார். அந்த வெள்ளிக்கிழமைதான் அவருடைய கிழமை முழுவதும்.

எங்கள் நகரசபை பஸ் தரிப்பிடங்களை எல்லாம் புதிதாகக் கட்ட விரும்பியது. பணம் அரசுடையது. அதுவரை அரசின் ஆட்களே முன்னின்று கட்டிக் கொடுத்தார்கள். இனி அந்தப் பணத்தைக் கொண்டு நாங்களே கட்டுகிறோம் என்று நகரசபை கேட்டது. முதலில் ஒன்றைக் கட்டிக் காட்டுங்கள், சரியாக இருந்தால் மிச்சத்துக்கும் அனுமதி தருகிறோம் என்று அரசு சொன்னது. அந்த முதலாவது தரிப்பிடம் எங்கள் தெருவில் வந்தது. நடைபாதையை பஸ்ஸின் தளம் அளவுக்கு உயர்த்தி, அதற்கு ஏற ஒரு சரிவுப் பாதை போட்டிருந்தார்கள்.

பரிசோதனை நாளில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அதில் ஏறிக் காட்ட வேண்டும். நகரசபையின் இளம் பொறியியலாளர், ஒரு பெண், பரமேஸ் அக்காவின் கதவைத் தட்டினார். அக்கா என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஒத்துக்கொண்டேன்.

வீதியோரத்தில் ஒரு கூட்டமே நின்றது. கோட்டுகள், மஞ்சள் மேலங்கிகள், நகரசபைப் பெரியவர்கள். அக்கா சுற்றிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, தேர் இழுக்கப் போறமோ? இவ்வளவு சனம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசிலிருந்து வந்த பரிசோதகர் மேலே போய் நின்றுகொண்டார். மடாம் தனியாக ஏறட்டும், யாரும் தொடக்கூடாது என்றார். அதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். விளங்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அக்கா சக்கரங்களைப் பிடித்து உந்தினார். பாதி தூரம் ஏறினார். அங்கே நாற்காலி நின்றுவிட்டது. அவருடைய தோள்கள் நடுங்குவதை நான் பின்னால் நின்று பார்த்தேன். நாற்காலி மெல்லப் பின்னோக்கி வந்தது... என் உள்ளங்கை அதன் முதுகில் பட்டது. விழாமல் தாங்கத்தான் வைத்தேன். ஆனால் தாங்கிய கை தள்ளியது. அக்கா மேலே போய்விட்டார்.

மேலே நின்றவர்களுக்கு அக்காவின் முகம் தெரிந்தது. என் கை தெரியவில்லை.

"பிள்ளை, என்னாலை ஏலாது. இவை எனக்கு ரோட்டுப் போடேல்லை, மலை கட்டியிருக்கினம். நீ தள்ளாட்டி நான் பின்னுக்குப் போயிருப்பன். சொல்லு அவருக்கு."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். "தூத் சொல்?" என்று கேட்டார். தனியாகவா?

"உய், தூத் சொல்" என்றேன். ஓம், தனியாக. நன்றாக இருக்கிறதாம், நன்றி சொல்கிறார் என்றும் சேர்த்தேன்.

ஏன்? எத்தனையோ காரணங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த இளம் பெண் பாவம் என்று நினைத்தேனா? காலையிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவள் அவள். இல்லை, அது பிறகு நான் எனக்குச் சொன்ன அழகான காரணம். உண்மை மிகச் சின்னது. இல்லை என்று சொல்லியிருந்தால் எங்கே கஷ்டம், எப்படி, ஏன் என்று பரிசோதகர் கேட்டிருப்பார். அத்தனை பேர் முன்னால் என் உடைந்த பிரெஞ்சில் நான் நின்று விளக்கியிருக்க வேண்டும். எல்லாக் கண்களும் என் மேல்... அது சீக்கிரம் முடிய வேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான்.

அனுமதி கிடைத்தது. எங்கள் புறநகர் முழுவதும் அதே சரிவோடு தரிப்பிடங்கள் எழுந்தன. பஸ்ஸே பலகை இறக்கி ஏற்றிக்கொண்ட, சமதரையில் இருந்த பழையவற்றை உடைத்துவிட்டார்கள்.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். மருந்துக் கடைக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்தின் சரிவில் ஒருநாள் பின்னால் உருண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகு, வாசலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். நான் மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பேன். பையை வாங்கிக்கொண்டு சொல்வார்: "நீ எனக்காக எவ்வளவு கதைச்சனீ. அவங்கள் கேக்கேல்லை. நீ என்ன செய்வாய்?"

போன மாதம் அவர் பிடிவாதமாக என்னை நகரசபைக்குக் கூட்டிப்போனார். அதே பெண்தான் இருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, சரிவு கடினமாம் என்றேன்.

அவள் கோபப்படவில்லை; என்னைத்தான் பார்த்தாள். "ஆனால் மடாம், தூத் சொல் என்று நீங்கள்தானே அன்று சொன்னீர்கள்? தூத் சொல், இல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்று நடந்தது வேறு என்றால் இப்போது சொல்லுங்கள். நான் மேலே எடுத்துச் சொல்லித் திருத்த முடியும்."

ஒரே ஒரு வசனம் போதும். என் வாயில் அது இருந்தது... சத்தியமாக இருந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"பாப்பினமாம், அக்கா" என்றேன். அந்தப் பெண்ணிடம் "மெர்சி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து தரிப்பிடத்தை நெருங்கினோம். அக்கா என்னைத் திரும்பிப் பாராமல் கேட்டார்.

"தூத் சொல் எண்டால் தனிய எண்டுதானே?"

"ஓம் அக்கா."

"அண்டைக்கும் நீ அதைத்தான் சொன்னனீ."

என் கைகள் பழக்கத்தில் நாற்காலியின் பிடிக்குப் போயின.

"விடு. நான் தனியப் போறன்."

ஏறினார். அதே பாதி தூரத்தில் சக்கரம் நின்றது. முறிந்து பொருந்திய மணிக்கட்டால் மேலும் உந்த முடியவில்லை. நான் பின்னால் நின்றேன். தள்ளினால் அது மீண்டும் அந்தப் பொய்யைப் போலிருக்கும். தள்ளாவிட்டால்... நின்றேன்.

பஸ் வந்தது. சாரதி இறங்கி ஓடிவந்து அக்காவை மேலே தள்ளி, உள்ளே ஏற்றினார். ஏறச் சொல்லி எனக்கும் சைகை காட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

நான் ஏறவில்லை.

மரக்கறிப் பையை இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அவர் கதவில் தொங்கவிடுகிறேன். அடுத்த வெள்ளி போகும்போது அது அங்கேயே, அப்படியே தொங்குகிறது.