மெஹராஜ் அக்கா வீட்டு வாசல் விளக்கு

எங்கள் சந்துக்குள் விளக்குக் கம்பமே கிடையாது. மன்னார்குடி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்து. ஆனாலும் இருட்டு எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. காரணம், மெஹராஜ் பேகம் அக்கா வீட்டு வாசல் விளக்கு. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் போட்டால் விடிந்துதான் அணைப்பார். எதிர்வீட்டுக்காரனான என் படுக்கையறை ஜன்னலில் அது நேராக அடிக்கும். நானும் விடாமல் சண்டைக்குப் போவேன்.

"நௌஷாத் வர்ற வரைக்கும் அணைக்க மாட்டேன் தியாகேசா. தூக்கம் வரலைன்னா ஜன்னல்ல போர்வையக் கட்டு" என்பார். அதோடு சண்டை முடிந்துவிடும்.

நௌஷாத் அவருக்கு ஒரே மகன். கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட, இடியாப்பம் பிழிந்து விற்றே அவனை ஆளாக்கினார். குவைத்துக்குக் கிளம்பிய அன்று, கார் கதவைச் சாத்திக்கொண்டே, "வாசல் லைட்ட அணைச்சிடாதீங்கம்மா, நான் வந்தா வீடு தெரியணும்" என்று சொன்னானாம். பிள்ளை விளையாட்டாகச் சொல்லியிருப்பான். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷமாக அவனுடைய லீவுதான் தள்ளிப்போனது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீடு ஆரோக்கியமேரி. நடுவில் இடுப்புயரச் சுவர். அதைத் தாண்டிப் போகாத குழம்பு கிடையாது. மேரியின் கணவர் சூசைராஜ் பஸ் டிரைவர். டிசம்பர் வந்தால் தஞ்சாவூரிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் பூச்செடி வாங்கி, தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவருவார். பாயின்செட்டியா என்று பெயர். சிவப்பாக இருப்பது பூ இல்லை, இலைதான் என்று வருஷாவருஷம் எங்களுக்கு வகுப்பெடுப்பார். குடிலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால்தான் அவருக்குப் பண்டிகை. பொங்கலுக்குப் பிறகு சிவப்பெல்லாம் உதிர்ந்து, செடி குப்பைக்குப் போகும். போன முறை அப்படிப் போன செடியை அக்கா எடுத்துவந்து தன் வாசலோரம் ஊன்றிவிட்டார். "உசுரு இருக்குற செடிய எறிவாங்களா மேரி?"

சித்திரையில் சூசைராஜ் மாரடைப்பில் இறந்துபோனார்.

மேரி பேச்சைக் குறைத்துக்கொண்டார். "இந்த வருஷம் ஸ்டாரும் வேணாம், குடிலும் வேணாங்கா" என்று ஒருநாள் சுவரோரம் நின்று சொன்னார். அக்கா திரும்பித் தன் வாசலைப் பார்த்தார். அங்கே சூசைராஜ் கடைசியாக வாங்கிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. டிசம்பருக்குள் அதைச் சிவக்க வைத்து மேரியிடம் காட்டிவிட வேண்டும் என்று அக்கா அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, ஆட்டுப் புழுக்கை என்று மாப்பிள்ளை விருந்து மாதிரி எல்லாம் போட்டார். செடி நன்றாகத் தின்று பச்சைப்பசேலென்று கொழுத்தது. புரட்டாசியில் நர்சரிக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "ராத்திரி பூரா இருட்டு வேணும்மா. பக்கத்துல லைட் எரிஞ்சா ஜென்மத்துக்கும் சிவக்காது."

சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தார். மழைக்காற்று சாக்கோடு சேர்த்து ஒரு கிளையை முறித்துவிட்டது. முறிந்த இடத்தில் பால் வடிந்தது. அக்கா சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"லைட்ட அணைங்கக்கா. செடியும் சிவக்கும், நானும் தூங்குவேன்" என்றேன். அவர் முறைத்த முறைப்பில் நான் ஓரடி பின்வாங்கினேன். பிறகு, "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று அங்கேயே ஸ்பீக்கரில் போனைப் போட்டார். அக்கா பேசினால் சந்துக்கே கேட்கும், அன்று என்னவோ குரல் எழும்பவில்லை.

"நௌஷாத்து, வாசல் லைட்ட ராத்திரியில அணைச்சுக்கட்டுமா?"

"எந்த லைட்டும்மா?"

"நீ போறப்ப சொன்னியே... வந்தா வீடு தெரியணும்னு."

"நானா? எப்பம்மா சொன்னேன்?" அவன் சிரித்தான். "அணைங்கம்மா. கரண்ட் பில்லாவது குறையும்."

அக்காவும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறந்துட்டான் தியாகேசா" என்றார். எனக்கு அந்தப் பயலை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது.

அன்று அக்கா விளக்கைப் போடவில்லை. வருஷக்கணக்காக நான் கேட்ட இருட்டு வந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. படியிறங்கும்போதெல்லாம் கண் அந்த வாசலுக்கே போனது.

கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்த பிறகு செடியின் உச்சி இலைகளில் நரம்பு நரம்பாகச் சிவப்பு ஏறியது. கிறிஸ்துமஸ் நெருங்குகையில் உச்சி முழுக்கச் சிவந்துவிட்டது. அக்கா மேரியின் கையைப் பிடித்து இழுத்துவந்து அதன் முன்னால் நிறுத்தினார்.

"சூசைராஜ் வாங்குன செடிதான் மேரி. பாரு."

மேரி அந்த இலைகளைக் கையில் ஏந்தி, சத்தம் போட்டு அழுதார். சித்திரைக்குப் பிறகு அவர் வாய்விட்டு அழுது நான் கேட்டது அன்றுதான். அழுது முடித்து, "எப்படிக்கா செவந்துச்சு?" என்று கேட்டார். அக்கா, "அதுவா செவந்துச்சு" என்று மழுப்பினார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. விளக்கை அணைத்ததையும் அந்தப் போன் பேச்சையும் சொல்லிவிட்டேன்.

மேரி வீட்டுக்குள் போனார். பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாரை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். தன் வாசலில் அதைக் கட்டவில்லை. நடுச்சுவரோரம் ஒரு கம்பை நட்டு, அக்கா வீட்டுப் படியில் வெளிச்சம் விழும்படி கட்டினார்.

"இது எதுக்கு மேரி? அவனுக்கே ஞாபகம் இல்ல."

"இல்லாட்டி என்னக்கா? நௌஷாத் வந்தா வீடு தெரியணும்ல?"

சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் நேராக என் ஜன்னலில் வந்து அடித்தது. நான் போர்வை கட்டவில்லை.