தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

கப்பல்துறையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் என் உடுப்பு முழுவதும். கண்டி வீதியில் லொறிகள் என்னை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. எங்கே போகிறேன்? சீனக்குடாச் சந்திக்கு. அங்கிருந்து? அது பஸ்ஸைப் பொறுத்தது... எது முதலில் வருகிறதோ அது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதினமில்லை. செங்கல் சூளை, இறால் பண்ணை, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி — இப்படி ஏதாவது ஓர் இடத்தை விட்டு நான் நடந்துபோவதை நீங்கள் பல வாரம் படித்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் ஏன் கிளம்பினேன் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வந்திருக்காது, அல்லது சண்டை வந்திருக்கும்.

இந்தமுறை என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

விளங்கியது இவ்வளவுதான். என் தங்கை வசந்தியின் கணவன் ரகு இரண்டு வருடத்துக்குப் பிறகு கட்டாரிலிருந்து வருகிறான். ஞாயிற்றுக்கிழமை விடிய கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்குவான். அவனை ஏற்றிவர வீட்டில் ஒரு கார் நின்றது. இன்று காலை வரை நன்றாக ஓடிய கார். இப்போது அசைய மறுக்கிறது. இடையில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

என்ன செய்தேன்? இஞ்சின் ஒயில் மாற்றினேன். வீட்டில் வைத்து. வாழ்க்கையில் முதல்தடவையாக.

நாலைந்து மாதமாக வசந்தி வீட்டில்தான் இருக்கிறேன். இவ்வளவு காலம் நான் ஒரே கூரையின் கீழ் இருந்தது அகதி முகாமில் மட்டும்தான். அங்கே வெளியே விடமாட்டார்கள், அதனால் இருந்தேன். வசந்தி ஒரு நாளும் ‘எப்போது போகிறாய்’ என்று கேட்டதில்லை. வேலை கிடைத்ததா என்றும் கேட்டதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் என் பொறுப்பில் விடப்பட்ட ஒரே பொருள் அந்தக் கார். சின்ன ஜப்பான் கார். கிளச் இல்லை, ஓட்டோ கியர். கழுவுவதும், ரயருக்குக் காற்றுப் பார்ப்பதும், வசந்தியை டவுனுக்குக் கூட்டிப்போவதும் என் வேலை.

போன கிழமை ரகு போனில் சொன்னான். “மச்சான், எயார்போட்டுக்கு வெளிக்கிட முதல் சேர்விஸ் ஸ்டேஷன்ல குடுத்து ஒயிலை மாத்திப் போடுங்கோ. தூர ஓட்டமல்லோ.”

“அதுக்கு ஏன் மச்சான் சேர்விஸ் ஸ்டேஷன்? ஒரு நட்டைக் கழட்டிப் பூட்டுற வேலைதானே. நான் வீட்டிலயே மாத்துறன்.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“லொறியில கிளீனரா நிண்டவனிட்ட இதைக் கேக்கிறியள்.”

கிளீனராக நின்றது உண்மைதான். லொறிக்கு ஒயில் மாற்றும் நேரமெல்லாம் டிரைவருக்குத் தேத்தண்ணி வாங்கக் கடைக்குப் போனவன் நான் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை ரகுவிடம் சொல்லவில்லை.

போனில் வீடியோ பார்த்தேன். “பத்தே நிமிஷம்தான் நண்பர்களே” என்றார் ஒருவர். அவருடைய காரின் அடியில் ஒரு நட் இருந்தது. எங்கள் காரின் அடியில் இரண்டு இருந்தன. ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறார்கள் போல, ஜப்பான்காரன் எதையும் யோசித்துத்தான் செய்வான் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யோசிக்கிற வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிடுவது பழக்கமாகிவிட்டது.

இன்று காலை வசந்தி பஸ்ஸில் டவுனுக்குப் போயிருந்தாள், ரகு வருகிறான் என்று சாமான் வாங்க. நான் முன் ரயர்களைப் பலகைகளின் மேல் ஏற்றி, பின் ரயர்களுக்குக் கல் வைத்து, அடியில் புகுந்து, கைக்கு எட்டிய நட்டைக் கழற்றினேன்.

ஒயில் வந்தது. பேசினில் பிடித்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பாக்கியக்கா வாளியோடு வந்தார். ஆட்டுக் கொட்டிலுக்குப் புதுக் கம்பங்கள் நாட்டியிருக்கிறார். கறையான் ஏறாமல் இருக்கக் கழிவு ஒயில் பூச வேண்டும். நான் ஒயில் மாற்றப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வாளியைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்.

பேசினைக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

“இதென்ன தம்பி, பாலில்லாத தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு. கழிவு ஒயில் கன்னங்கரேலெண்டெல்லோ இருக்கும்?”

“மச்சான் காரை நல்லா வச்சிருந்தவர் அக்கா. அதுதான் கறுக்கேல்ல.”

“அவர் ரெண்டு வருசமா இஞ்ச இல்லையே.”

“கார் கனக்க ஓடாட்டி ஒயில் கறுக்காது.”

“என்னவோ... இது கறையானுக்குச் சரிவராது. கறையான் குடிச்சிட்டுப் போயிடும்.” வெறும் வாளியோடு திரும்பிப் போனார்.

நான் நட்டைப் பூட்டினேன். மேலே இஞ்சின் மூடியைத் திறந்து புது ஒயிலை ஒரு கான் முழுக்க ஊற்றினேன். ஸ்டார்ட் பண்ணினேன். பிடித்தது. பின் ரயர்க் கல்லை எடுத்து றிவேர்ஸ் போட்டேன். கார் பலகையிலிருந்து பின்னால் இறங்கியது. இறங்கியதா, உருண்டதா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முன்னுக்குப் போட்டேன். இஞ்சின் கத்தியது. கார் நின்ற இடத்தில் நின்றது.

ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி எங்கேயோ நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே இடம். எடுத்த அளவுதானே ஊற்றினேன்? பிறகு எப்படி இவ்வளவு கூடியது? உள்ளே கிடந்து குட்டி போட்டதா? ஒயில் கூடிப்போனதற்கு ஏன் ரயர் சுற்றமாட்டேன் என்கிறது? ரயருக்கும் ஒயிலுக்கும் என்ன கோபம்?

காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ரயரை உதைத்துப் பார்த்தேன். ரேடியோ வேலை செய்தது. ஹோர்ன் வேலை செய்தது. கார் மட்டும் வேலை செய்யவில்லை.

பிறகு கையைக் கழுவினேன். கார்த் திறப்பைக் குசினி மேசையில் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். வசந்தியிடம் என்ன சொல்வது? ‘என்னவோ உடைந்துவிட்டது, என்னவென்று தெரியாது’ என்றா?

எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காட்டுப் பக்கம் வந்தபோது போன் அடித்தது. வசந்தி.

“அண்ணா, எங்க நிக்கிறியள்?”

“ரோட்டில.”

“பாக்கியக்கா சொன்னவ, என்னவோ வேற ஒயிலைக் கழட்டிப்போட்டியளாம். அது வாங்கத்தானே போறியள்?”

எண்ணெய்ப் பவுசர் ஒன்று இரைந்துகொண்டு போனது.

“கேக்குதோ? வரேக்க ராச் சாப்பாட்டுக்குப் பாணும் வாங்கிக்கொண்டு வாங்கோ. சந்திக் கடையில வாங்காதேங்கோ, நேத்தையான் பாணைத் தருவான்.”

வைத்துவிட்டாள்.

நின்றேன். பை நிறைய உடுப்போடு ஒருவன் ஒயில் வாங்கப் போவானா? அறையில் என் உடுப்புக் கொடி வெறுமையாகத் தொங்குவதை அவள் பார்க்கவில்லையா? பார்த்துவிட்டும் பாண் வாங்கச் சொல்கிறாளா? இதுவும் விளங்கவில்லை. ஆனால் பாண் வாங்கச் சொன்ன பிறகு ஒரு மனிதன் பஸ் ஏறுவது கஷ்டம்.

சீனக்குடாவில் நஸீர் நானாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குள் போனேன். கிண்ணியாக்காரர். கதையை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வந்த ஒயில் என்ன நெறம்?”

“தேத்தண்ணி நிறம், நானா.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கீழ ரெண்டு நட்டு இரிக்கும். ஒண்டு இஞ்சினுக்கு, மத்தது கியர் பொக்ஸுக்கு. நீங்க கியர் பொக்ஸ் ஒயில எறக்கி இரிக்கீங்க. அது இல்லாம ஓட்டோ கியர் எப்படி இழுக்கும்? இஞ்சின்ல பழைய ஒயில் அப்படியே இரிக்க, அதுக்கு மேல புதுச ஊத்தி இரிக்கீங்க.”

“அப்ப கார் செத்துப் போச்சோ?”

“அதெனக்குத் தெரியாது. கொஞ்ச நேரந்தான் ஓடினதெண்டா ஒண்டும் ஆகி இரிக்காது. சரியான ஒயில ரெண்டு பக்கமும் ஊத்திப் பாருங்க. அசைஞ்சா அல்லாஹ் காப்பாத்தினான். அசையாட்டி மச்சானுக்கு லீவத் தள்ளிப்போடச் செல்லுங்க.”

இவ்வளவு நேரமும் பதில் என் கண்முன்னால் பேசினில் கிடந்திருக்கிறது. பாக்கியக்கா அதை வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறார். நான் என்ன செய்தேன்? அவருக்கு விளக்கம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் நம்மில் அநேகம் பேர் அப்படித்தான். தெரியாத விஷயத்துக்குத்தான் உடனே விளக்கம் சொல்கிறோம். தெரிந்ததென்றால் ஒரு நிமிடம் நின்று பார்த்திருப்போம்.

பஸ்ஸுக்கென்று வைத்திருந்த காசு கியர் ஒயிலாகவும் இஞ்சின் ஒயிலாகவும் மாறியது. மிச்சத்துக்குப் பாண்.

ஒயில் கான்களை உடுப்புக்கு மேலே திணித்தபோது நஸீர் நானா பையைப் பார்த்தார். “எங்க பயணம்?”

“வேலை தேடிப் போறன்.” முழுப் பொய்யும் இல்லை.

“எண்ட தம்பி மீன் லொறிக்கு ஆள் தேடுறான். தம்புள்ளைக்கு. விடியப் போனாப் பின்னேரம் திரும்பி வரலாம். செல்லி வைக்கட்டா?”

சொல்லுங்கோ என்றேன். அப்போது என் தலைக்குள் வேலைக்கு இடமிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வசந்தி ஒன்றும் கேட்காமல் பாணை வாங்கி வைத்தாள். டோர்ச் பிடித்தாள். இந்தமுறை காரை ஜக்கில் தூக்கி மற்ற நட்டைக் கழற்றினேன். கறுப்பாக, கரியைக் கரைத்தது போல வந்தது. பாக்கியக்கா எங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாரோ, வாளியோடு வந்துவிட்டார்.

“இது ஒயில்” என்றார். காலையில் வந்தது ஏதோ நான் கலக்கிய சர்பத் என்பது போல.

இரண்டு பக்கமும் ஊற்றினேன். வெட்டிய சோடாப் போத்தல்தான் புனல். முடிந்ததும் வசந்தி முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். “எடுங்கோ அண்ணா.”

“நீ இறங்கு. என்ன நடக்குமோ தெரியாது.”

“அதுக்குத்தான் ஏறினனான்.”

ஸ்டார்ட் பண்ணினேன். கியரைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வசந்தி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடியில் ஒரு சின்னத் தட்டு. கார் ஒரு முழம் முன்னால் போனது. இன்னும் ஒரு முழம். படலையைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, சீனக்குடா வரை போய்த் திரும்பி வந்தோம். வரும்போது வசந்தி, “இந்தச் சத்தம் முந்தியும் இருந்ததோ?” என்று கேட்டாள்.

விளக்கம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். “தெரியேல்ல” என்றேன். நஸீர் நானாவுக்குப் போன் பண்ணி, போனைக் காருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அது சாதாரணச் சத்தம், தைரியமாகக் கட்டுநாயக்கா போகலாம் என்றார். போனில் ஒரு காரின் சத்தம் எவ்வளவு விளங்கும்? அதுவும் எனக்குத் தெரியாது.

சாப்பிடும்போது ரகுவின் போன் வந்தது, வசந்தி ஸ்பீக்கரில் போட்டாள். “ஒயில் மாத்தியாச்சோ?”

நான் வாயைத் திறக்க முதல் வசந்தி சொன்னாள். “அண்ணா ரெண்டு ஒயிலையும் மாத்திப் போட்டார். கியர் பொக்ஸுக்கும் சேத்து.”

“அட, அது நான் சொல்லவே மறந்துபோனன். நல்ல வேலை மச்சான்.”

இது பொய்யா? ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாணைக் கீழே வைத்தேன். “பிழையான நட்டைக் கழட்டினதால மாத்த வேண்டி வந்தது மச்சான்” என்றேன். ரகு, “இப்ப ஓடுதோ?” என்றான். ஓடுது என்றேன். “அப்ப சனி ராத்திரி நேரத்தோட வெளிக்கிடுங்கோ. வழியில யானை நிக்கும்” என்றான். அவ்வளவுதான்.

எழுந்து போனபோது என் பை கிணற்றடியில் இருந்தது.

“உடுப்பில ஒயில் பட்டதோ?” என்று கேட்டாள் வசந்தி.

“கொஞ்சம்.”

எல்லாவற்றையும் ஊறப்போட்டாள். படாததையும் சேர்த்து.

அடுத்த நாள் விடிய ரகுவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை முகப்பில் நின்றேன். நஸீர் நானாவின் தம்பி சலீம் டவுனில் மீன் ஏற்றிக்கொண்டு லொறியோடு வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

“நானா ஒண்டே ஒண்டுதான் சென்னாரு. லொறிக்கு அடியில போகப்படாது. நட்டு ஒண்டுலயும் கை வைக்கப்படாது. விளங்கினதா?”

“விளங்கினது.”

“அப்ப ஏறுங்க.”

“சனி ராத்திரிக்கு எனக்கு லீவு வேணும். கட்டுநாயக்கா போகோணும்.”

“இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள லீவா?”

நான் விட்டுவிட்டு வந்த வேலைகளுக்குக் கணக்கில்லை. லீவு கேட்டது இதுதான் முதல்தடவை.