பக்கத்து வீட்டு வைஃபை

பாலக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. குவைத்தில் வேலை பார்க்கும் மகன் அன்வரை அவருடைய அம்மா தினமும் போனில் பார்ப்பதற்காக, மகள் சபீனா வாங்கி வைத்தது. கேட்காமலேயே ஏழெட்டு மாதம் அதில் படம் பார்த்தேன். சும்மா கிடப்பதுதானே என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெரிய தொடர் ஒன்றை முழுவதுமாக லேப்டாப்பில் டவுன்லோடு போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டில் அழுகுரல். அம்மா தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். அப்படியே ஓடினேன்.

அன்வரால் உடனே கிளம்பி வர முடியவில்லை. மதியம், அம்மாவின் முகத்தை மூடுவதற்கு முன் சபீனா போனை நீட்டிப் பிடித்தார்.

"அண்ணே, அம்மா முகம் தெரியுதாண்ணே?"

"இல்லம்மா, நின்னு நின்னு போகுது. கொஞ்சம் இருக்கச் சொல்லு."

அப்போதுதான் என் லேப்டாப் ஞாபகம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, டவுன்லோடை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அதற்குள் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து ஊருக்கு வந்த அன்வர், மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவத் தூக்கினப்ப நீங்களும் தோள் குடுத்தீங்களாம். சபீனா சொல்லுச்சு. ரொம்ப நன்றிங்க."

"பரவாயில்லைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். நம்பர் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.