தண்ணீர் குடிக்காமல் ஏறியவர்

அண்ணனுக்குக் குடலையே எடுத்துவிட்டார்கள், இனி வாயில் போட்டது அப்படியே கீழே வந்துவிடும் என்று ஊரில் பேச்சாம். எனக்குச் சொன்னது சித்தி மகள். அவளுக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர். கடல் தாண்டி இருப்பவனுக்கு வீட்டுச் செய்தி இப்படித்தான் சுற்றி வரும்.

நடந்தது இது. பல வருடமாகப் புண்ணாகி ரத்தம் கசிந்த பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலைக் கீழே இணைத்திருந்தார்கள். அண்ணன் கிரேன் ஆபரேட்டர். எழும்பும் கட்டடங்களுக்கு மேலே, ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கி வைப்பவர். ஏணியில் ஏறினால் சாப்பாட்டு நேரம்வரை இறங்க முடியாது.

முதல் மாதங்களில் சாப்பிட்ட கை காயுமுன் கழிப்பறைக்கு ஓடினார். மூன்று பேர் சோற்றை ஒரே ஆளாய்ச் சாப்பிட்டவர், குழைந்த சோற்றை மென்று மென்று விழுங்கினார். போகப் போக ஓட்டம் குறைந்தது. இரவில் கொஞ்சம் தூங்கினார்.

“பெரியவன் போய்ட்டான்டா. சின்னவன் இப்பத்தான் குடும்பம் நடத்தக் கத்துக்கறான்” என்று தன் குடலைச் சொல்லிப் போனில் சிரித்தார்.

“தண்ணி நிறைய குடிக்கணும்ணே. உப்பும் சேக்கச் சொன்னாங்க.”

“சரிங்க டாக்டர். ஊசி எப்ப போடுவீங்க?”

சாப்பாட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது பெருங்குடலின் வேலை. சிறுகுடல் அதைப் பெருமளவு கற்றுக்கொள்ளும், முழுதாக அல்ல. தேடித் தேடிப் படித்திருந்ததால் என் பயம் அடங்கவில்லை.

கீழே ஸ்டோரில் வேலை தருகிறோம் என்றார்கள். “ஆணி எண்ண நானா?” என்று மறுபடி ஏறிவிட்டார்.

மேலே ஒதுங்க இடமில்லை. அதனால் காலையில் வெறும் வயிறு, சொட்டுத் தண்ணீர் கிடையாது: கூண்டுக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அவர்களுக்குத் தாங்கும். இவர் குடிக்காவிட்டாலும் இவர் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இன்று அண்ணி கூப்பிட்டார்.

“ரெண்டு மூணு நாளா ஒன்னுக்கே சரியா போகல தம்பி. கால் நரம்பு இழுக்குது, நாக்கு ஒட்டிக்குது. கேட்டா, ‘ஓட்டமே நின்னுடுச்சு, உடம்பு பழகிடுச்சு பாரு’ன்னு சந்தோஷப்படறாரு.”

வற்றிப்போனதைக் குணமானது என்று நினைத்துவிட்டார் என் அண்ணன்.

“அண்ணன் இப்ப எங்க இருக்காரு, அண்ணி?”

“மேலதான். இந்த வெயில்ல. நான் போட்டா எடுக்கவே இல்ல. நீங்க போடுங்க தம்பி, உங்க போன்னா கொக்கியில லோடு தொங்கினாலும் எடுப்பாரு. நான் சைட்டுக்குக் கிளம்பறேன்.”

போட்டேன். முழுதாக அடித்து நின்றது. லோடு இறக்கிக்கொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். எடுத்தால் திட்டக் கூடாது, கையில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும், பிறகு மெதுவாக இறங்கச் சொல்ல வேண்டும். மறுபடி போட்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.