கடைசியாகக் கொடுத்த தேதி

ரத்த வங்கியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பதிவு அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். அவள் நின்றபடியே தட்டச்சு செய்வாள், நடந்தபடியே போன் பேசுவாள், எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அவள் கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், பொறுமைசாலி. "இவளோட குடும்பம் நடத்தறது ஓடற பஸ்ல ஏறற மாதிரி. ஏறப் பழகிட்டேன், இறங்கத்தான் தெரியல" என்பார்.

இப்படிப்பட்ட அவசரக்காரி ஒரு விஷயத்தில் மட்டும் நகராமல் நிற்பாள். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று சீட்டு வந்து, குளிர்பெட்டியில் அந்த வகை இருப்பில் இல்லை என்றால், பதிவு செய்துவைத்திருக்கும் கொடையாளர்களில் ஆள் தேடவேண்டும். அந்த வகைக்காரர் யார் யார், அவர்களில் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் கடந்தவர் யார் என்று கணினியைக் கேட்கவேண்டும், வந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் போடவேண்டும். ஆள் கிடைக்கும்வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பழைய கணினி முறை அவளுக்கு அத்துப்படி. அது எந்தக் கேள்விக்கு மூக்கைச் சுளிக்கும், எதற்கு வாயைத் திறக்கும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்கே தெரியும்.

அதை எடுத்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்தில் யாருக்கோ திடீரென்று ஞானம் பிறந்து, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே புது டேட்டாபேஸ் என்று முடிவானது. கம்பெனிக்காரர் ஒருவர் வந்து இரண்டு காலை வேளைகளில் பாடம் எடுத்தார், "ரொம்ப ஈஸி மேடம்" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். பட்டனைத் தட்டினால் பட்டியல் வரும் திரைகள் பின்னால் வருமாம். அதுவரை க்வெரி எழுதித்தான் கேட்கவேண்டும். யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அறையில் இருந்த எல்லாரும் பம்பரத்தைப் பார்த்தார்கள்.

க்வெரி என்றால் கணினியிடம் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் வீட்டில், "அந்த இது எங்க வெச்சே?" என்று கேட்பதுபோல் இதனிடம் கேட்க முடியாது. எந்த டேபிளில், அதாவது எந்த அட்டவணையில், எந்தக் கட்டத்தில், என்ன நிபந்தனையில் என்று பிட்டுப் பிட்டு வைக்கவேண்டும். பெயர் ஒரு டேபிளில் இருக்கும், விலாசமும் போன் எண்ணும் இன்னொன்றில் இருக்கும், இரண்டையும் பதிவு எண்ணை வைத்துக் கோத்துக் கேட்டால்தான் ஒரு முழு ஆள் கிடைப்பார். பழையது, தேடும் சொல்லைச் சுற்றி ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் எதைப் போட்டாலும் அனுசரித்துப் போகும். இது இரட்டை மேற்கோளைப் பார்த்ததும் அப்படி ஒரு கட்டமே கிடையாது என்று சிவப்பு எழுத்தில் முறைத்தது. பம்பரம் வாய்விட்டுத் திட்டினாள், திட்டிக்கொண்டே திருத்தினாள். மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில்கூட நான் இவ்வளவு பயந்து பயந்து பேசியதில்லை என்று ஆய்வகத்தில் போய்ப் புலம்பினாள். ஆனாலும் கெட்டிக்காரி. சில வாரங்களில் அது பதில் சொல்லத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் பெயிண்டர் வந்தார். நிஜமாகவே சுவருக்கு வண்ணம் அடிப்பவர், கை முட்டி வரை வெள்ளைப் புள்ளி. அவருடைய அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம், இரண்டு யூனிட். அந்த வகைக்காரர்களுக்கு அதே வகைதான் ஏற்றவேண்டும், வேறு எதுவும் சேராது. குளிர்பெட்டி காலி. பம்பரம் க்வெரியை எழுதினாள். பட்டியலில் நான்கு பேர்தான் வந்தார்கள். ஒருத்தர் வெளிநாடு போயிருந்தார், ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள், ஒருவருக்கு மஞ்சள் காமாலை, இன்னொரு எண்ணில் யாரோ ஒரு குழந்தை எடுத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டது.

பெயிண்டர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பம்பரம் வெளியே போய், அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"இருக்கற எல்லாரையும் கேட்டுட்டேங்க. எங்ககிட்ட பதிவு பண்ணினவங்கள்ல வேற யாரும் இல்ல. இங்க அலைஞ்சு நேரத்தை வீணாக்காதீங்க. வெளியூர்ல பெரிய வங்கி ஏதாவது பாருங்க."

அவர் தலையாட்டிவிட்டு, நன்றி என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆள் கிடைக்காமல் போவது புதிதல்ல. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திரத்தை ஓங்கி வைப்பாள், சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகவில்லை. ஏதோ இடிக்கிறது, எது இடிக்கிறது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, பட்டியல் ரொம்ப இளைத்துப்போயிருக்கிறதே என்று கேட்டாள். அவர் தன் இடத்தில் இருந்தே அவள் எழுதியதைத் திறந்து பார்த்துவிட்டு, "க்வெரி கரெக்டா இருக்கு மேடம், நல்லாவே எழுதறீங்க" என்றார். பாராட்டு அவள் காதில் ஏறவில்லை. தெருவில் நடக்கும்போது தேதி நிபந்தனையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறையை வாங்காமல் வந்தாள். கணவர் தட்டில் சோறு போடாமல் குழம்பை மட்டும் ஊற்றினாள். அவர் தானே சோறு போட்டுக்கொண்டார்.

விடுமுறை நாள் மதியம் கொழுந்தன் சாப்பிட வந்தான். ஆள் ஆறடி, தோளில் மூட்டை தூக்கும் உடம்பு, பார்சல் கிடங்கில் வேலை. ஆனால் ஊசியைக் கண்டால் உயிர் போய்விடும். எப்போதோ நடந்த முகாமில் நண்பர்கள் முன்னால் வீராப்பாகப் பேர் கொடுத்தான், விரலில் ஒரு சொட்டு எடுத்து வகை பார்த்தார்கள், அதிலேயே மயங்கி விழுந்தான். ஓ நெகட்டிவ். பிறகு ரத்த வங்கி இருக்கும் தெருப்பக்கம்கூட அவன் வந்ததில்லை. பழைய கணினியில் ஓ நெகட்டிவ் தேடும்போதெல்லாம் பட்டியலின் தலைமாட்டில் அவன் பெயர்தான் வந்து நிற்கும். "வந்துட்டாரு மாவீரர்" என்று ஆய்வகமே சிரிக்கும். பம்பரம் அவனைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவாள்.

அவன் இரண்டாவது முறை சோறு கேட்டான். கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றாள்.

"நீ ஏன்டா வரல?"

"இப்பதானே அண்ணி வந்தேன்? முதல் பந்தியே இன்னும் முடியல" என்றான் அவன்.

புதுப் பட்டியலில் இவன் இல்லை. முதல் ஆளாக வரவேண்டியவன் கடைசி ஆளாகக்கூட வரவில்லை. கரண்டியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ரத்த வங்கிக்கு விடுமுறை கிடையாது.

முதலில் அவன் பெயரைப் போட்டுத் தேடினாள். இருந்தான். விலாசம், எண், வகை எல்லாம் சுத்தமாக இருந்தன. கடைசியாகக் கொடுத்த தேதி என்ற கட்டம் மட்டும் காலி. கொடுத்தால்தானே தேதி இருக்கும். சரி, அந்தத் தேதி மூன்று மாதத்துக்கு முந்தியதா என்று கேட்டாள். ஆளைக் காணோம். அப்படியென்றால் பிந்தியதா? அதற்கும் காணோம். தேதி காலிக்குச் சமமா என்று கேட்டாள், யாரும் வரவில்லை. காலிக்குச் சமமில்லையா என்று கேட்டாள், அப்போதும் வரவில்லை. ஒன்றுக்கு இல்லையென்றால் மற்றதற்கு ஆம் என்று வரவேண்டாமா? இந்தக் கல்லுளிமங்கன் இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், பிறகு கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ கடைத்தெருவில் இருந்தார்.

"மேடம், அந்தக் கட்டம் காலின்னா தேதி தெரியாதுன்னு அர்த்தம். தெரியாத தேதி முந்தியா பிந்தியான்னு அது எப்படிச் சொல்லும்?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லட்டுமே. இல்லன்னு ஏன் சொல்லுது?"

"இல்லன்னு சொல்லல மேடம். உறுதியா ஆமான்னு தெரிஞ்சவங்களை மட்டும் காட்டும். மத்தவங்களைக் காட்டாது, அவ்வளவுதான்."

"பழசு காட்டிச்சே."

"பழசுல காலி இடத்துல பூஜ்யம் போட்டு வெச்சிருந்தாங்க. பூஜ்யம் எல்லாத் தேதிக்கும் முந்தி. அதனால தானா வந்துச்சு. இதுல, தேதி காலியா இருக்கறவங்களும் வேணும்னு நீங்கதான் தனியா ஒரு வரி சேர்த்துக் கேக்கணும். சமம்னு போடக் கூடாது, அதுக்கு வேற வார்த்தை இருக்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஓட்டினாள். திரை கீழே கீழே ஓடியது. பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஓ நெகட்டிவ் மட்டுமே திரை கொள்ளாமல் இருந்தது. அதில் ஒரு விலாசம் இதே தெரு.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவளுக்கு அழுகை வந்தது. பெயிண்டர் வெளியே நின்றுகொண்டிருந்த அந்த நாளிலும் இவர்கள் எல்லாரும் உள்ளே இருந்திருக்கிறார்கள். கணினி சொன்னது தெரியாது என்று. அதை இல்லை என்று மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னது அவள். அதன்பிறகு அந்த அக்கா என்ன ஆனாள்? உயிரோடு இருக்கிறாளா? அந்த நினைப்பு வந்ததும் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

முதலில் ஆளைப் பிடிப்போம் என்று போனை எடுத்தாள். இதே தெருக்காரி ஒரு பள்ளி ஆசிரியை. "போன முகாம்ல பேர் குடுத்ததுல இருந்து கூப்பிடுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். யாரும் கூப்பிடல, நம்ம ரத்தம் வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்" என்றாள். நாளைக்கே வருவதாகச் சொன்னாள். இன்னும் ஒரு யூனிட். அடுத்த எண்ணுக்குப் போக நினைத்தவள், போகாமல் வீட்டுக்குப் போட்டாள். கொழுந்தன்தான் எடுத்தான்.

"நாளைக்கு லீவு போடு. ரத்தம் குடுக்கற."

"அண்ணி, விளையாடாதீங்க. நான் மயங்கி விழுந்துட்டா?"

"படுத்துக்கிட்டுதான் குடுக்கணும். விழறதுக்கு இடமே கிடையாது."

"அண்ணனும் கூட வரலாமா?" என்று கேட்டான்.

ரத்த வங்கி டாக்டர் அன்று பணியில் இருந்தார், நல்ல மனிதர். அவரிடம் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமே தப்பு நடக்காது இல்ல? அது போதும். அந்தப் பெயிண்டருக்குப் போன் பண்ணுங்க, தேவைப்பட்டா இப்ப ஆள் கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க. பழசை எதுக்குக் கிளறணும்? உங்க வேலைக்கே வினையாயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் அது புரிந்தது. தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். பெயிண்டரின் எண்ணைத் தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் யோசிக்கத் தொடங்கியபோது அவர் எடுத்தார்.

"ரத்த வங்கியில இருந்து பேசறேங்க. அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க." குரல் களைத்திருந்தது. "ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாங்க. உடம்பு நாளுக்கு நாள் இறங்கிட்டே போகுது. வெளியூரெல்லாம் போய்ப் பார்த்துட்டேன். நேத்துதான் வந்தேன், நாளைக்கு மறுபடி கிளம்பணும்."

பம்பரம் மூச்சுவிட்டாள். "கிளம்ப வேண்டாங்க. ரெண்டு பேர் கிடைச்சிருக்காங்க. நாளைக்கே வர்றாங்க."

"இங்கேயேவா?" என்றார் அவர். "இந்த ஊர்லயா? நீங்க எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொன்னீங்க மேடம். மத்த இடத்துல எல்லாம் ஜன்னல்லயே கையை விரிச்சாங்க, அதை நான் நம்பல. நீங்க சொன்னதை நம்பினேன். அதனாலதான் இங்க தேடறதையே விட்டுட்டேன். இப்ப புதுசா சேர்ந்தவங்களா அவங்க?"

ஆமாம் என்று சொன்னால் போதும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். பெயிண்டர் மறுபடி நன்றி சொல்வார், விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்த நன்றியை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள அவளால் முடியாது.

"புதுசு இல்லங்க" என்றாள். "அன்னிக்கும் இருந்தாங்க. ஒருத்தர் இதே தெரு. இன்னொருத்தர் என் வீட்டு ஆளு. புது கம்ப்யூட்டர்ல எனக்குச் சரியா கேக்கத் தெரியல. தெரியலன்னு சொல்லாம இல்லன்னு சொல்லிட்டேன்."

மறுமுனையில் யாரோ ஒரு பெண் தொலைவில் இருமினாள். அவர் போனை வைத்துவிடுவார், அல்லது கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். இரண்டுக்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"கோபத்தை அப்புறம் பட்டுக்கறேன்" என்றார் பெயிண்டர். "அக்காவை எப்ப அட்மிட் பண்ணணும், அதைச் சொல்லுங்க."