அம்மன் பேரில் ஒரு லீவு

பாகு தீய்ந்துபோனது அன்றைக்கு எனக்கு மட்டும் தெரியவில்லை. கடலைமிட்டாய்க் கம்பெனியில் வெல்லப்பாகு தீய்ந்தால் அடுப்படியில் நிற்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள். அன்றைக்கும் ஓடினார்கள். நான் மட்டும் அண்டா பக்கத்தில் நின்று, இன்றைக்கு எத்தனை பெட்டி சங்கரன்கோவிலுக்குப் போகிறது என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிண்டுகிறவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று புரிந்தது.

ஊரடங்கெல்லாம் முடிந்து, முகக்கவசம் எல்லோருக்கும் தாடைக்கு இறங்கிவிட்டிருந்த காலம் அது. கொரோனா என்பது டிவியில் வடக்கே எங்கோ நடப்பது என்கிற நிம்மதியில் கோவில்பட்டி இருந்தது. லேசாகக் காய்ச்சலும் இருக்கவே, நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் குச்சி விடக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கள்கிழமை காலையில் போனில் செய்தி வந்தது. பாசிட்டிவ். மனைவிக்கும் எடுத்துப் பார்த்தார்கள், நெகட்டிவ். அவளை எதுவும் அண்டாது என்பது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும்.

முதலாளிக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அப்பா விட்டுப்போன கம்பெனியை நடத்துகிறவர். அங்கே நான் சூப்பர்வைசர். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை முதலாளி என்பேன். இரண்டு பேருமே அதை முழுதாக நம்புவதில்லை.

"அண்ணாச்சி, நீங்க நல்லாருக்கணும். மொதல்ல அதைச் சொல்லிருதேன்" என்றார். "ரெண்டாவது, இது வெளிய போகப்படாது. திங்கிற சாமான் செய்யுதோம். மிட்டாய் போடுத எடத்துல கொரோனான்னு ஒருத்தன் வாட்ஸ்அப்ல போட்டாம்னா, நம்ம பெட்டியை எந்தக் கடைக்காரன் எறக்குவான்?"

"அப்ப லீவுக்கு என்ன காரணம்னு எழுத, மொதலாளி?"

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. அவர் வாழ்க்கையில் தோன்றிய ஒரே சொந்த யோசனை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"அம்மைன்னு எழுதுங்க."

எங்கள் கம்பெனியில் லீவு கேட்பது லேசில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். சாவு என்றால் எந்த வகையில் சொந்தம் என்று கேட்பார்கள். ஆனால் அம்மை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். டாக்டர் சீட்டு வேண்டாம், கேள்வி கிடையாது, சம்பளத்தில் பிடித்தமும் கிடையாது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டின் சம்பளத்தில் கை வைக்கிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குப் போய்விட்டு, நாமாகத் திரும்பி வருகிற வரைக்கும் லீவு. அரசாங்கம்கூட எனக்கு ஏழு நாள்தான் சொல்லியிருந்தது. அம்மன் தாராளம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பேக்கிங்கில் ஓர் அக்கா இருக்கிறாள். இடைசெவல் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், அறுபதை நெருங்குகிறாள், சர்க்கரை வியாதி உண்டு. என் மேஜைக்கு எதிரில்தான் அவள் இடம். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், அவள் வைத்த துவையல் என் தட்டுக்கும் என் வீட்டுப் பொரியல் அவள் தட்டுக்கும் போகும். சனிக்கிழமை வரைக்கும் போனது. அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, பெண்குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"அக்காவுக்கு மட்டும் சொல்லிரணும், மொதலாளி. வீட்டுல பச்சப்பிள்ளை இருக்கு" என்றேன்.

"அதை நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

பக்குவமாக என்று அவர் சொன்னதுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்பதுதான் உண்மை. "நீங்களே ஒரு போனைப் போட்டுச் சொல்லுங்களேன்" என்று மனைவியும் சொன்னாள். முதலாளி சொல்லிக்கொள்வார் என்றேன். அப்புறம் அவரிடம் சொல்லியாயிற்றா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அம்மை என்று ஆகிவிட்டால் வாசலில் வேப்பிலை கட்டியாக வேண்டும். கட்டினேன், நானே ஸ்டூல் போட்டு ஏறி. பிறகு பின்னறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் நடந்தன. ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக இருக்கச் சொன்னது ஆஸ்பத்திரி. அம்மை போட்ட வீட்டு ஜன்னல் மூடியிருக்க வேண்டும் என்றது தெரு. தினமும் இரண்டு முட்டை, மிளகு தட்டிப்போட்ட கோழிச்சாறு என்றார் டாக்டர். அம்மன் இருக்கிற வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. மனைவி குக்கர் விசில் வராமல் முட்டை அவித்து, ஓட்டைப் பொடியாக நொறுக்கி முருங்கை மரத்தின் மூட்டில் புதைத்தாள். ஒரு கொலையை மறைத்திருந்தால்கூட இவ்வளவு கவனம் எடுத்திருக்க மாட்டாள்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரம்மா கம்பங்கூழ் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"தை மாசத்துலயா அம்மை?" என்றாள்.

"அவளுக்கு மாசம் ஏது" என்றாள் என் மனைவி.

"முத்து எங்கெங்க போட்டிருக்கு?"

மனைவி கொஞ்சம் திணறியிருக்க வேண்டும். "வெளிய ஒண்ணும் தெரியல. எல்லாம் உள்ளதான்" என்றாள்.

"உள்முத்தா?" எதிர்வீட்டுக்காரம்மாவின் குரல் இறங்கியது. "ரொம்ப உக்கிரமால்லா இருப்பா."

சாயங்காலத்துக்குள் நான் தெருவில் பெரிய ஆளாகிவிட்டேன். எனக்காக இரண்டு வீடுகளில் கருவாடு பொரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பொரித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பைக்கில் வருகிறவர்கள் எங்கள் வாசலுக்கு நேராக வரும்போது ஹாரன் அடிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். முப்பது வருஷம் இந்தத் தெருவில் ஒழுங்காக வாடகை கொடுத்துக் குடியிருந்ததற்குக் கிடைக்காத மரியாதை.

மூன்றாம் நாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் கதவில் நோட்டீஸ் ஒட்ட வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"இங்க அம்மையா? அப்ப கொரோனா வீடு எதும்மா?"

"அதுவும் இங்கனதான்" என்றாள் மனைவி, மெதுவாக.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மன் இருக்கிற கதவில் பசை தடவ இரண்டு பேருக்கும் கை வரவில்லை. "நீங்களே ஒட்டிக்கிடுங்க" என்று நோட்டீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் அதை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். அதற்கப்புறம் தினம் இரண்டு வேளை ஒரு பெண் போனில் கூப்பிட்டு மூச்சு முட்டுகிறதா என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாமல் இருக்க நான் போர்வைக்குள் புகுந்து பதில் சொல்லுவேன். போர்வைக்குள் மூச்சு முட்டத்தான் செய்தது.

காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த லீவு பிடித்துவிட்டது. மூன்றாம் தண்ணீருக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. திறக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, நான்தான்" என்றது அக்காவின் குரல். "எளநி கொண்டாந்திருக்கேன்."

நான் எழுந்து பின்னறைக் கதவைத் தாழ் போட்டேன். "உள்ள வராதீங்க அக்கா, அங்கனயே நில்லுங்க."

"எனக்குப் பத்து வயசுலயே போட்டாச்சு தம்பி. எனக்கு அவ மறுக்கா வரமாட்டா. கம்பெனியில எல்லாரும் வரப் பயப்படுதாளுவ. எனக்குப் போட்டுருச்சு, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்னு கெளம்பி வந்தேன்."

முதலாளி பக்குவமாகச் சொன்ன லட்சணம் அப்போது தெரிந்தது. அம்மை என்றதால் மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஒதுங்கியே ஆக வேண்டிய ஒருத்தி தைரியமாகக் கிளம்பி வந்திருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை இருமினாள்.

"வந்தது எளநி குடுக்க மட்டுமில்ல தம்பி" என்றாள். "பேத்திக்கு ரெண்டு நாளா மேலு காயுது. பாலு குடிக்க மாட்டேங்கா. அம்மா உங்க மேல எறங்கியிருக்கால்லா. உள்முத்துங்காவ. உங்க கையால ஒரு துன்னூறு குடுத்தீங்கன்னா, கொண்டுபோயி பிள்ளை நெத்தியில பூசிருவேன்."

நான் இருந்த அறையில் சாமி படமும் திருநீற்றுக் கிண்ணமும் இருந்தன. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டால் அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிஷம் அதையும் நினைத்தேன். கிண்ணத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, எனக்கு அம்மை இல்ல" என்றேன். "கொரோனா. பிள்ளைய இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. உங்களுக்கும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. இங்க உக்காராதீங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாளோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"எப்ப தெரியும் தம்பி?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையா" என்றாள். தரையிலிருந்து எழுந்தபடியே, "ஒரு போன் போட்டிருக்கலாம்லா" என்றாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வாசல் கதவை அவள் சாத்திவிட்டுப் போன பிறகுதான் நான் தாழைத் திறந்தேன். இளநீர் இரண்டும் சுவரோரமாக இருந்தன.

ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது, குழந்தைக்கும் அவளுக்கும் பாசிட்டிவ் என்று. நான்கு நாள் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கேற்றி வைத்துக்கொண்டு அம்மனைக் கும்பிட்டேன்.

"எந்த முகத்தோட கும்பிடுதீங்க?" என்றாள் மனைவி. "அவ பேரைச் சொல்லித்தான படுத்திருக்கீங்க."

முதலாளி போன் செய்தார். அவருக்கும் மனசு சரியில்லை, அது குரலில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு. "ஒரு பத்து நாளு வாயை மூடிட்டு இருக்க முடியலயா அண்ணாச்சி?" என்றார். கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்துப் பார்த்ததில் மேலும் சில பேருக்கு வந்திருந்தது. வெள்ளையடிக்கிறோம் என்று கேட்டில் அட்டை மாட்டி ஒரு வாரம் மூடினார். நிஜமாகவே வெள்ளையும் அடித்தார், அட்டை பொய்யாகிவிடக் கூடாதே.

நானும் அவரைக் குறை சொல்ல யோக்கியன் இல்லை. அக்காவிடம் சொன்னேனே தவிர, தெருவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா நாள் பார்த்துச் சொல்ல, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை முறையாக மூன்று தடவை தலையில் ஊற்றிக்கொண்டேன். கோயிலுக்குப் போய் மாவிளக்கும் வைத்தேன்.

குழந்தை பிழைத்து நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று பின்னறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாசி பிறந்த பிறகு அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். வந்ததும் அவளாகவே, "பிள்ளை நல்லாருக்கா" என்றாள். என் எதிரில் இருந்த இடத்துக்கு வராமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

யாராவது பல நாள் வராமல் இருந்து திரும்பினால், காரணம் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. பேக்கிங் பெண்கள் தினக்கூலி, அவர்களுக்கு லீவு என்று ஒன்று கிடையாது, வராத நாள் வராத நாள்தான். இருந்தாலும் காரணம் வேண்டும். குடும்ப விசேஷம் என்று போட்டுவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். பழக்க தோஷத்தில் வாயில் வந்தது அதுதான்.

"என்ன காரணம்னு எழுத அக்கா?"

அவள் கையிலிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை ஒட்டி முடித்து ஓரமாக வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாததா தம்பி" என்றாள். "நீங்க குடுத்ததுதான."

நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.