எலிக்குக் கேட்ட மருந்து

ஊட்டியில் ஒரு மருந்தியல் கல்லூரியில் எனக்கு எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நன்றாக இருக்கிற எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வியாதியை வரவழைப்பார்கள். பிறகு அது குணமாக வேண்டுமே என்று கவலைப்படுவார்கள். படித்தவர்கள் செய்வதை நான் கேள்வி கேட்பதில்லை. தினமும் எடை, வேளாவேளைக்குத் தீனி, வாரம் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, குளிருக்கு அறையில் ஹீட்டர். இத்தனை வசதி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை.

சிலோனில் தேயிலைக் கொழுந்து பறித்து, இங்கே வந்தும் கொழுந்து பறித்த குடும்பம் எங்களுடையது. தப்பித்து வெள்ளைக் கோட்டுக்காரர்கள் நடுவே போனவன் நான் ஒருவன்தான். அக்கா இன்னும் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பறிக்கிறாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக மாதம் ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எலிகளுக்கு ஒரு செடியின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். செடியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே அதற்கு ஒரு வீடியோ வரும், மறுநாள் மார்க்கெட்டில் பொட்டலம் வரும். தேயிலைக்கு நடுவே தானாக முளைப்பது. அக்கா ஆயுள் முழுக்கக் களை என்று பிடுங்கி எறிந்தது. சாறு குடித்த எலிகளுக்குப் புரதம் போவது குறைந்தது. ஆராய்ச்சி செய்த மாணவி என்னிடம் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

"எலிக்குக் கேட்டுச்சுங்க அண்ணா. மனுசங்களுக்குக் கேக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கறிச்சோறு. சாப்பிட்டுக்கொண்டே, கிட்னிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்றேன். எலிக்குத் தண்ணீர் வைக்கிறவனுக்கு அந்தப் பன்மை கொஞ்சம் அதிகம்தான். செடியின் பெயரையும் சொன்னேன். மாணவி சொன்னதில் இரண்டாவது பாதியை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் என்னை யாராவது வாய் பிளந்து பார்ப்பது அபூர்வம். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துப் போனபோது அக்காவின் கால் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தது. அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஜனம் என்று கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன். நான் முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொணமான எலியெல்லாம் இப்ப எப்படி இருக்கு தம்பி?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கடைசி நாளில் எல்லா எலிகளையும் கொன்று, அறுத்துக் கிட்னியை எடுத்துப் பார்ப்பார்கள். குணமானதற்கும் விதிவிலக்கு கிடையாது. அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. போன தடவையைவிட மோசம் என்றார் டாக்டர். கெட்டுப்போன பாகம் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பிறகு, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டை மடிக்க ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"பக்கத்து லைன் வீட்டுல ஒரு அம்மா சொன்னாங்க டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். விவரம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்களே, கூட இருக்கிற நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார். இனிமேல் சொல்கிறேன் என்றேன்.